வினைத்தொகைக்கு எத்தனை எழுத்து?
பல்கலைக்கழகத் தமிழாசிரியரும் கணினிக் கருவிகளும்

பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிப்போர் இன்று நூலையும் கரும்பலகையையும் மட்டும் கொண்டு பணியாற்றுவதில்லை. பாடக்குறிப்புகளை ஏற்றி வைக்கும் கற்றல் தளம், விடைகளைத் தானே திருத்தும் வினாத்தொகுப்பு, மாணவர் கட்டுரையைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள், விரிவுரையைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் கருவி, அண்மைக் காலமாக வினவியதற்கெல்லாம் விடை எழுதும் செயற்கை நுண்ணறிவு எனப் பலவும் அவர்தம் மேசைக்கு வந்துவிட்டன. சிங்கப்பூர், மலேசியப் பல்கலைக்கழகங்கள் இவற்றை வாங்கித் தருவதோடு, பயன்படுத்தும் முறையைக் கற்றுத்தரும் பயிலரங்குகளையும் நடத்துகின்றன.

இவ்வுதவி வரவேற்கத்தக்கதே. ஆயினும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பது சொல்லப்படும் அளவுக்கு, அதை அழுத்தியபின் தமிழ்ச் சொல்லுக்கு உள்ளே என்ன நேர்கிறது என்பது சொல்லப்படுவதில்லை. இக்கருவிகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு உருவானவை. அம்மொழிக்குப் பொருந்தும் கணக்கைத் தமிழுக்கும் அப்படியே பொருத்தினால் மாணவரின் மதிப்பெண் பிழைபடக்கூடும். சில வேளை அவரது நேர்மை பற்றிய தீர்ப்பும் பிழைபடக்கூடும். ஆதலின், தமிழைக் கருவி எவ்வாறு காண்கிறது என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவைத் தருவதே முதன்மையான தொழில்நுட்பத் துணை என்பது இவ்வுரையில் நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

எழுத்தும் குறியும்

‘வினைத்தொகை’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். வி, னை, த், தொ, கை என அதில் ஐந்து எழுத்துகள் உள்ளன. கணினியோ அதனைப் பத்துக் குறிகளாகச் சேமிக்கிறது. வகரமும் இகரக் குறியும் இரண்டு, னகரமும் ஐகாரக் குறியும் இரண்டு, தகரமும் புள்ளியும் இரண்டு என்றவாறு இக்கணக்கு அமைகிறது.

இதற்குக் காரணம் ஒருங்குறியின் அமைப்பு. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. 128 இடங்கள் கொண்ட அப்பகுதியில், தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி தரப்படவில்லை. உயிர்கள், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி முதலியவற்றுக்கே குறிகள் உள்ளன. நம் இலக்கணம் மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் உயிர் ஊர்ந்து உயிர்மெய் ஆவதாகக் கொள்கிறது. ஒருங்குறியோ அகரமேறிய உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியை அதன்மேல் சேர்க்கப்படும் ஒரு குறியாகக் கொள்கிறது. இலக்கணம் பயின்ற மாணவருக்கு இவ்வேறுபாடே ஒரு நல்ல பாடமாகும்.

இதன் விளைவு நடைமுறையிலும் தெரியும். ‘நூறு எழுத்துகளுக்கு மிகாமல் விடை தருக’ என்று வரையறுக்கும் விடைப்பெட்டி நம் எழுத்தை எண்ணுவதில்லை, குறியையே எண்ணுகிறது. தமிழில் எழுதுபவருக்கு அப்பெட்டி கேட்டதைவிடக் குறைந்த இடத்தையே தருகிறது. ஆகவே தமிழ் வினாக்களுக்கு எழுத்தளவால் அன்றிச் சொல்லளவால் வரம்பிடுவது நன்று.

மற்றொரு நுட்பமும் உண்டு. ‘தொ’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் நிகரானவை என்றே ஒருங்குறியும் விதிக்கிறது. அவ்விதிப்படி ஒப்பிடும் கருவிகள் உள்ளன, ஒப்பிடாதவையும் உள்ளன. ஒப்பிடாத கருவியில், ஆசிரியர் ஒருவகையாகவும் மாணவர் மற்றொரு வகையாகவும் தட்டச்சு செய்தால், சரியான விடை தவறாகிவிடும். ஔகாரத்தை ஒரே எழுத்தாகத் தட்டாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவதும் இத்தகைய குழப்பத்தையே தரும். அங்கே நிகர் என்னும் விதியும் துணைக்கு வாராது. கணினிக்கு அவை முற்றிலும் வேறான சொற்களே.

இப்பகுதியின் பங்கு

தமிழுக்கும் கணினிக்கும் இடையே பாலம் அமைத்ததில் இவ்விரு நாடுகளுக்கும் தனியிடம் உண்டு. சிங்கப்பூரில் கல்வியாளரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி முன்னின்று உழைக்க, 1997ஆம் ஆண்டு தமிழிணைய மாநாடு அங்கு நடந்தது. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உலகெங்கும் தமிழ் உள்ளிட வழிசெய்தது. 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழ் 99 விசைப்பலகை உருவாயிற்று. 2000ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அடுத்த ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் கூடியது.

இவ்வரலாற்றின் சுவடுகள் இன்றும் ஆசிரியர்தம் கோப்புகளில் உள்ளன. ஒருங்குறி பரவுமுன் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் பாடக்குறிப்புகளும் திஸ்கி, தாம், தாப் முதலிய பழைய குறியேற்றங்களில் கிடக்கின்றன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற உரோமன் எழுத்துக்கோவையாகவே தோன்றும், தேடினாலும் அகப்படா. குறியேற்ற மாற்றிகளைக் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றலாம். துறைதோறும் இப்பணியை இப்போதே செய்தல் வேண்டும். எழுதியவர் பணியிலிருக்கும்போதே மாற்றினால்தான் ஐயமுள்ள இடங்களைக் கேட்டுத் தெளிய இயலும்.

விசைப்பலகையும் நியாயமும்

கணினிவழித் தேர்வில் அறிவு மட்டுமன்றித் தட்டச்சு வேகமும் அளக்கப்பட்டுவிடுகிறது. உரோமன் எழுத்தொலியைக் கொண்டு உள்ளிடும் அஞ்சல் முறை ஆங்கிலத் தட்டச்சு அறிந்தவருக்கு எளிது. தமிழ் 99 முறையில் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககரத்தை இருமுறை தட்டினால் முதற்ககரத்திற்குப் புள்ளி தானே வந்துவிடும். நகரத்தை அடுத்துத் தகரத்தைத் தட்டினாலும் அவ்வாறே. மொழியின் இரட்டித்தலையும் இனவெழுத்து மயக்கத்தையும் அறிந்து அமைந்த விசைப்பலகை அது.

எதனைப் பயன்படுத்துவது என்பதை மாணவர் முடிவு செய்யட்டும். ஆனால் தேர்வுக்கூடக் கணினியில் இரண்டும் இயங்கும் நிலையில் உள்ளனவா என்பதைத் தேர்வுக்கு முன்பே உறுதிசெய்வது நிறுவனத்தின் கடமை. இயங்குதளத்தில் தமிழ் உள்ளீடு இருப்பது மட்டும் போதாது. அது இயக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். பழகாத விசைப்பலகையோடு போராடும் மாணவர் இலக்கணம் அறியாதவர் ஆகார்.

தானே திருத்தும் வினாத்தொகுப்பு

‘ஊறுகாய் என்பது எவ்வகைத் தொகை?’ என்று வினவுகிறோம். விடை ‘வினைத்தொகை’. மாணவர் ஒருவர் ‘வினைத் தொகை’ என இடைவெளி விட்டு எழுதுகிறார். மற்றொருவர் ‘வினைத்தொகை.’ என முற்றுப்புள்ளி வைக்கிறார். இன்னொருவர் ‘வினைதொகை’ என ஒற்று மிகாமல் எழுதுகிறார். சொல்லுக்குச் சொல் நேராக ஒப்பிடும் கருவிக்கு மூவரும் தவறு செய்தவர்களே. ஆசிரியருக்கோ முதலிருவரும் முழு மதிப்பெண் பெறத் தக்கவர். மூன்றாமவர் தொகையை அறிந்தவர், சந்தியில் வழுவியவர்.

இதற்குத் தீர்வு கருவியிலேயே உண்டு. மலேசியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றின் கற்றல் தளங்களுக்கு அடிப்படையாக உள்ள மூடில் போன்ற மென்பொருள்களில், ஒரு வினாவுக்கு ஏற்கத்தக்க விடைகள் பலவற்றைத் தந்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மதிப்பெண்ணையும் குறிக்க முடியும். அவ்விடைகளை முன்கூட்டியே எண்ணிப் பட்டியலிடுவது தமிழ் அறிந்தவர் பணி. தொழில்நுட்பப் பிரிவினர் அதனைச் செய்ய இயலாது. முதன்முறை பயன்படுத்தும் வினாக்களில் ‘தவறு’ எனக் குறிக்கப்பட்டவற்றை ஆசிரியர் தம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டே மதிப்பெண்ணை வெளியிடுதல் வேண்டும்.

தேடலும் ஒப்புமையும்

தமிழ் ஒட்டுநிலை மொழி. ‘மரம்’ என்னும் பெயர் ‘மரத்தில்’, ‘மரங்களை’, ‘மரமும்’ என உருவம் மாறுகிறது. ‘மரம்’ எனத் தேடும்போது, வேர்ச்சொல்லை அறியாத தேடுகருவி இம்மூன்றையும் விட்டுவிடும். ஒரு நாவலில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடும் மாணவர் இதனை அறியாவிடில் அவர்தம் ஆய்வின் அடித்தளமே ஆட்டங்காணும்.

கட்டுரைகளின் ஒப்புமையைக் காட்டும் மென்பொருளுக்கும் இது பொருந்தும். தொடர்ந்து வரும் சொற்கள் ஒத்துள்ளனவா என்று காண்பதே அத்தகைய கருவியின் அடிப்படை. ‘செய்துகொண்டிருந்தார்’ என்பதைப் பிரித்து எழுதினாலோ, ஒற்றுகளை நீக்கினாலோ அத்தொடர்ச்சி அறுபடும்; பிறர் எழுத்தை எடுத்தாண்டவர் தப்பிவிடக்கூடும். மறுபுறம், இலக்கியக் கட்டுரையில் குறட்பாக்களையும் உரைப்பகுதிகளையும் முறையாக மேற்கோள் காட்டிய மாணவருக்கு ஒப்புமை விழுக்காடு உயர்ந்து காணப்படலாம். விழுக்காடு ஒரு சுட்டி மட்டுமே, தீர்ப்பு அன்று. ஒத்த பகுதிகளைப் படித்துப் பாராமல் எந்த மாணவர் மீதும் குற்றம் சுமத்துதல் தகாது.

பேச்சும் எழுத்தும்

தமிழ் இரட்டை வழக்கு மொழி. விரிவுரையில் ‘வந்துகிட்டிருக்கு’ என்கிறோம். எழுத்தில் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்கிறோம். விரிவுரையை எழுத்தாக்கும் கருவி இவ்விரண்டில் எதனைத் தர வேண்டும் என்பதை முதலில் ஆசிரியர் தீர்மானிக்க வேண்டும். பேச்சுத்தமிழ் கற்பிக்கும் வகுப்பில் பேசியபடியே வருதல் வேண்டும். இலக்கிய வகுப்பில் எழுத்துவழக்கே மாணவருக்கு உதவும். நம் விரிவுரைகளில் மலாய்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் கலந்து வருவது கருவிக்கு மேலும் ஓர் இடர்.

கேட்டல் குறைபாடுடைய மாணவருக்கு இவ்வரிகளே விரிவுரை என்பதை மறத்தலாகாது. ‘குற்றியலுகரம்’ பிழையாகப் பதிவானால் அவர் பிழையையே கற்பார். எனவே கருவி தருவதை முதல் வரைவாகவே கொண்டு, கலைச்சொற்களையேனும் திருத்திய பின்னரே வெளியிடுதல் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடத்தும் இதே விழிப்பு வேண்டும். அவை சரளமாக எழுதும். ஆனால் சரளம் மெய்ம்மைக்குச் சான்றாகாது. இல்லாத பாடலை உள்ளதுபோல் காட்டுவதும், ஒரு புலவர் பாடியதை மற்றொருவர் மேல் ஏற்றுவதும் அவற்றின் இயல்பு. அவை தரும் ஒவ்வொரு மேற்கோளையும் மாணவர் மூலநூலோடு ஒப்பிட்டு எழுதுமாறு ஒரு பயிற்சியை அமைத்தால், அப்பிழையே பாடமாகிவிடும்.

வேண்டப்படும் துணை

கற்பித்தல் தொழில்நுட்ப மையத்தில் இருப்போர் பெரும்பாலும் தமிழ் அறியாதவர். தமிழ்த்துறையில் இருப்போர் பலர் மென்பொருள் மொழி அறியாதவர். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தாலன்றி மேற்கூறிய இடர்கள் வெளிப்படா. அவ்வாறு அமரும்போது எந்தப் புதிய கருவியையும் ஐந்து சோதனைகளுக்கு உட்படுத்தலாம். ‘வினைத்தொகை’யை இருவகைக் குறியிலும் தட்டி ஒப்பிடுக. அதனையே சேர்த்தும் பிரித்தும் விடையாகத் தந்து பார்க்க. ‘மரம்’ எனத் தேடி ‘மரத்தில்’ கிடைக்கிறதா எனக் காண்க. ஒரு பத்தியின் ஒற்றுகளை நீக்கி ஒப்புமைக் கருவியில் இடுக. ஐந்து நிமிட விரிவுரையைப் பதிந்து எழுத்தாக்கிப் படித்துப் பார்க்க. அரைநாளில் முடியும் இச்சோதனைகள், ஒரு பருவம் முழுவதும் நேரக்கூடிய பிழைகளைத் தவிர்க்கும்.

சோதனையின் முடிவை ஒரு பக்கத்தில் எழுதித் துறையில் வைத்துவிட்டால், அடுத்து வரும் ஆசிரியர் மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. இப்பணிக்குச் செலவாகும் நேரத்தைப் பல்கலைக்கழகம் கற்பித்தற் பணியின் பகுதியாகவே கணக்கிடுதல் வேண்டும். ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டாக அதனைக் கருதினால், பணி பாதியில் நின்றுவிடும்.

மாணவர்களுக்கும் இதில் பங்குண்டு. சரியென நீங்கள் எழுதிய விடையைக் கருவி தவறெனக் காட்டினால், வாளா இருந்துவிடாதீர்கள். என்ன தட்டினீர்கள், எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பதைக் குறித்து ஆசிரியரிடம் காட்டுங்கள். அக்குறிப்பு உங்கள் மதிப்பெண்ணை மட்டுமன்றி, அடுத்த ஆண்டு அதே வினாவை எதிர்கொள்வோரின் மதிப்பெண்ணையும் காக்கும்.