பாலத்தின் நடுவே

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரை வடகரையோடு இணைப்பது கோல்டன் கேட் தொங்குபாலம். 1937ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அப்பாலத்தில் ஊர்திகள் செல்லத் தடங்கள் ஆறு. காலையில் நகர் நோக்கியும் மாலையில் இல்லம் நோக்கியும் கூட்டம் மிகும். ஆதலின், நேரத்திற்கேற்ப ஒரு திசைக்கு நான்கு தடங்களும் மறுதிசைக்கு இரண்டும் ஒதுக்குவதுண்டு.

நெடுங்காலம், எதிரெதிராக ஓடிய ஊர்திகளுக்கு இடையே நின்றவை மஞ்சள் நிறக் குழாய்களே. பணியாளர் அவற்றைக் கையாலேயே நட்டும் பிடுங்கியும் வந்தனர். அக்குழாய்கள் வழியைக் காட்டுமேயன்றி, வெறிகொண்டு விரையும் காரைத் தடுக்குமா? ஒருவர் கணநேரம் தடம் பிறழ்ந்தால், ஒழுங்காக வந்தவர் மீதன்றோ மோதுவார்! மணிக்கு 45 மைல் என்னும் எல்லைக்குள்ளேயே இருவர் எதிரெதிரே வரினும், அவர்களுக்கு இடைப்பட்ட தொலைவு மணிக்கு 90 மைல் வீதம் குறுகும். மேலும், வேகம் இருமடங்கானால், தடையை அழுத்தியபின் வண்டி ஓடி நிற்கும் தொலைவு நான்கு மடங்காகிவிடும்.

உயிர்கள் பல மாண்டபின், 2015ஆம் ஆண்டு சனவரியில் நகரும் தடுப்புச்சுவர் அமைந்தது. கற்காரை நிரப்பிய எஃகுத் துண்டுகள் சங்கிலிபோலக் கோக்கப்பட்டுள்ளன. அகலம் ஓரடியே, அதற்குமேல் அங்கு இடமேது? தனி வண்டியொன்று மெல்ல ஊர்ந்து, அச்சங்கிலியை ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்திற்கு ஒதுக்கிச் செல்கிறது. எனினும், ஒரே திசையில் முன்செல்லும் வண்டிமேல் மோதுவதை அச்சுவர் தடுப்பதில்லை. அங்கே 45 மைல் எல்லையே இன்றும் காவலாக நிற்கிறது.