படகு இயந்திரம் ஏன் சூடாகிறது?



இன்று நாம் பேசப்போவது மோட்டார் படகின் இயந்திரத்தைப் பற்றி. பால்மரம் சீவுகிற நமக்குப் படகு எதற்கு என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் பலர் தோட்டத்தை விட்டுப் பினாங்குத் தீவுக்குப் பிழைக்கப் போயிருக்கிறார்கள். நம் பள்ளியில் படித்த ஒருவர் இன்று தெலுக் பகாங்கில் மீன்பிடிப் படகு ஒன்றில் இயந்திரம் பார்க்கிறார். அவர் பட்ட பாட்டைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடும்.

தோட்டத்து லாரியில் ரெடியேட்டர் முன்பக்கம் இருக்கிறது. ஓடும்போது காற்றுப் பட்டுத் தண்ணீர் ஆறுகிறது. படகில் இயந்திரம் அடித்தளத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே காற்று ஏது? ஆகவே கடல் நீரைத்தான் துணைக்கு அழைக்கவேண்டும். படகின் அடியிலுள்ள வால்வு வழியாகக் கடல் நீர் ஏறி, வடிகட்டியில் புகுந்து, பம்பினால் தள்ளப்பட்டு, குளிர்விக்கும் பெட்டிக்குள் ஓடுகிறது. அங்கே இயந்திரத்தைச் சுற்றிவரும் நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு, பல படகுகளில் புகையோடு சேர்ந்து வெளியே கொட்டுகிறது. பம்பின் உள்ளே சுழல்வது இம்பெல்லர் என்னும் சிறு சக்கரம். அதன் இதழ்கள் ரப்பரால் ஆனவை. நம் பால்மரத்து ரப்பர் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் செயற்கை ரப்பர்!

நம் மாணவரின் படகு மெதுவாகப் போனால் முள் 80 டிகிரியில் நிற்கும். வேகம் கூட்டினால் 95-ஐத் தாண்டும். தெர்மோஸ்டாட் கெட்டது என்று யாரோ சொல்ல, புதிது வாங்கி மாற்றினார். பயனில்லை. வடிகட்டியைத் திறந்தார், சேறும் பிளாஸ்டிக் பைத் துண்டும் இருந்தன. பிறை ஆறும் மூடா ஆறும் சேற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் கடலில் இது புதுமையல்ல. சுத்தம் செய்தும் சூடு முழுதாகக் குறையவில்லை. பிறகுதான் பம்பைத் திறந்தார். இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணோம். புதியது பொருத்தினார். அப்போதும் முள் ஏறியது! இரண்டு நாள் கூலி போய்விட்டது.

உடைந்த இதழ்கள் எங்கே போயின என்று அவர் அதுவரை தேடவில்லை. அவை தண்ணீரோடு போய்க் குளிர்விக்கும் பெட்டியின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தன. குறட்டால் பிடுங்கியதும் முள் ஒழுங்காக நின்றது.

ஆகவே, எதையும் கழற்றுமுன் எப்போது சூடாகிறது என்று கேளுங்கள். புறப்பட்ட சில நிமிடத்திலேயே ஏறினால், வால்வு மூடியிருக்கலாம், பெல்ட் அறுந்திருக்கலாம், அல்லது இம்பெல்லர் போயிருக்கலாம். தண்ணீரில்லாமல் சற்று நேரம் சுழன்றாலே அந்த ரப்பர் கருகிவிடும். வேகத்தில் மட்டும் ஏறினால், தண்ணீர் வருகிறது, ஆனால் போதவில்லை. படகின் அடியிலும் விசிறியிலும் கொட்டலசு ஒட்டினாலும், விசிறியில் கயிறு சுற்றினாலும், இயந்திரம் பாரம் தாங்காமல் சூடாகும். கடல் நீர் நன்றாகக் கொட்டியும் சூடு ஏறினால், நல்ல தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். முள்ளே பொய் சொல்வதும் உண்டு.

முள் ஏறவே ஏறாமல் குளிர்ந்தே கிடப்பதும் நல்லதல்ல. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம். டீசல் சரியாக எரியாமல் கரி படியும்.

நடுக்கடலில் சூடேறினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் இயந்திரத்தை நிறுத்தி நங்கூரம் போடுங்கள். கப்பல்கள் போய்வரும் நீர்ப்பாதையில் மிதந்து போவது உயிருக்கே ஆபத்து. கொதிக்கும் இயந்திரத்தின் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கிறது. ஆவி முகத்தை வேகவைத்துவிடும். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றவும் கூடாது. சூடான இரும்பு வெடிக்கும்.

வடிகட்டியைத் திறக்குமுன் அடியிலுள்ள வால்வை மூடவேண்டும். மறந்தால் கடல் படகுக்குள் வரும். வேலை முடிந்தபின் திறக்க மறந்தால் இம்பெல்லர் போகும். நம் மாணவர் இப்போது வால்வை மூடியதும் இயந்திரச் சாவியை எடுத்து அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறார். வால்வைத் தொடாமல் அவரால் இயந்திரத்தைக் கிளப்ப முடியாது.