நீல ஒளித் தட்டு வேண்டுமா?

திரைப்படங்களைத் தன்னகத்தே கொண்டுள்ள தட்டுகளில் பழையது போதுமா, புதியது வேண்டுமா என்பது இன்று நாம் ஆராயப் புகும் பொருள். பொழுதுபோக்குப் பொருள் ஒன்றைப் பற்றி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பேச வருகின்றாரே என்று மாணவர்களாகிய உங்களுள் சிலர் வியக்கக்கூடும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வினாவுக்கு மூன்று முறை விடை கூற வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. முதல்முறை ஏமாந்தேன், இரண்டாம் முறை தப்பினேன், மூன்றாம் முறை நான் செய்தது சரிதானா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. அந்த ஐயந்தான் இப்பேச்சுக்குக் காரணம்.

1989-ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியில் நான் உதவியாசிரியனாக இருந்தேன். வீடியோ நாடாவை ஓட்டும் கருவி ஒன்றை வாங்க வேண்டுமென்று தலைமையாசிரியரை விடாது வற்புறுத்தியவன் நானே. அந்நாளில் ஊரார் அதனை 'டெக்' என்றே வழங்கினர். அதனை வாடகைக்கு எடுத்துவந்து விடிய விடிய மூன்று படங்கள் பார்ப்பது அக்காலத்துக் கொண்டாட்டம். நாங்களோ இருபதுக்கு மேற்பட்ட விஞ்ஞானப் பாட நாடாக்களை வாங்கிப் பீரோவில் அடுக்கினோம். பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. டெக் பழுதுபட்டது, அதற்கு உரிய உறுப்புகள் கிடைக்கவில்லை. பீரோவைத் திறந்து பார்த்தபொழுது நாடாக்களின்மேல் வெண்மையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒரு நூலை வாங்கினால் அதைப் படிக்கக் கண் ஒன்று போதும்; நாடாவை வாங்கினாலோ, அதைப் படிக்கும் கருவியும் உயிரோடிருக்க வேண்டும். இவ்வுண்மையை நான் அன்றுதான் உணர்ந்தேன். ஜப்பானில் 1976-இல் தோன்றிய அந்த வி.எச்.எஸ். முறை நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தது. 2016-ஆம் ஆண்டில், அதுகாறும் கருவிகளைச் செய்துவந்த ஃபுனாய் என்னும் ஜப்பானிய நிறுவனமும் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

நாடாவுக்குப் பின் வந்தவை தட்டுகள். நம் நாட்டில் வி.சி.டி. என்னும் மலிவுத் தட்டு சில ஆண்டுகள் கோலோச்சியது. அதன் படம் 288 கோடுகளாலானது. நாடாவினும் சிறந்தது என்று கூறுவதற்கில்லை. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த டி.வி.டி.யே உண்மையான முன்னேற்றம். நம் நாட்டு முறைப்படி அதில் 576 கோடுகள் உண்டு. தேய்வதில்லை, பின்னோக்கிச் சுற்ற வேண்டியதில்லை, வேண்டிய இடத்தை நொடியில் அடையலாம். 2004-இல் பள்ளிக்கு அதனை வாங்கினோம். இம்முறை ஏமாற்றமில்லை.

இனி, நம் பொருளுக்கு வருவோம். 2006-ஆம் ஆண்டில் இரண்டு புதிய தட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கடைக்கு வந்தன. ஒன்று தோஷிபா நிறுவனம் முன்னின்று கொணர்ந்த எச்.டி. டி.வி.டி.; மற்றொன்று சோனி முதலிய நிறுவனங்களின் ப்ளூ ரே. ஆங்கிலத்தில் நீலத்தைக் குறிக்கும் சொல்லின் கடைசி எழுத்தை விட்டுவிட்டே இப்பெயரை எழுதுகின்றனர். என்னிடம் வரும் விடைத்தாளாக இருந்திருப்பின் சிவப்பு மை தப்பாது வீழ்ந்திருக்கும். போகட்டும், நீலம் என்பதற்கும் படத்தின் தெளிவுக்கும் உள்ள தொடர்பே நாம் அறிய வேண்டியது.

சிலேட்டில் மழுங்கிய பலப்பத்தால் எழுதினால் நான்கு வரிகளே கொள்ளும்; கூரிய பலப்பத்தால் எழுதினால் பத்து வரிகளும் கொள்ளும். சிலேட்டின் அளவு மாறவில்லை, முனைதான் மாறியது. தட்டின் கதையும் இதுவே. டி.வி.டி.யும் ப்ளூ ரேயும் 12 சென்டிமீட்டர் குறுக்களவுடையவை. இரண்டிலும் செய்தி நுண்ணிய குழிகளாகச் சுருள்வட்டமாய்ப் பொறிக்கப்பட்டுள்ளது. அதனைப் படிக்கும் பலப்பம் லேசர் ஒளி. ஓர் ஒளிக்கற்றையைத் தன் அலைநீளத்துக்கு ஏற்ற அளவுக்குத்தான் சிறு புள்ளியாகக் குவிக்க இயலும். டி.வி.டி.யின் சிவப்பு ஒளிக்கு அலைநீளம் 650 நானோமீட்டர். ப்ளூ ரேயில் பயன்படுவது 405 நானோமீட்டர். கண்டிப்பாகச் சொன்னால் இது நீலமன்று, ஊதா. இம்மாற்றத்தால் மட்டும் ஒரே பரப்பில் இரண்டரை மடங்குக்குச் சற்று மேலாக எழுதலாம். குவிக்கும் வில்லையையும் வலியதாக்கினர்; அதனால் மேலும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: ஐந்து மடங்குக்குச் சற்றே மேல். டி.வி.டி.யின் ஓர் அடுக்கில் 470 கோடி பைட்டுகள் அடங்கும். ப்ளூ ரேயின் ஓர் அடுக்கில் 2,500 கோடி. கணக்கும் தட்டும் ஒத்துப்போவதைக் காண்கிறீர்கள். ஆனால் வலிய வில்லைக்கு ஒரு விலை உண்டு. செய்தி இருக்கும் அடுக்கு, தட்டின் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்க வேண்டும், டி.வி.டி.யில் அது 0.6 மில்லிமீட்டர். ஆகவே கீறல் விழுந்தால் ஆபத்து. அதைத் தடுக்கக் கடினமான மேற்பூச்சு ஒன்றைப் பூச வேண்டியதாயிற்று.

இந்த ஊதா ஒளியைத் தரும் சிறு படிகத்தைச் செய்வதற்கு விஞ்ஞானிகள் பல்லாண்டு பாடுபட்டனர். காலியம் நைட்ரைடு என்னும் பொருளைக் குறையின்றி வளர்ப்பது அரிது என்று பலர் கைவிட்டபின்னும் விடாது உழைத்த அகாசாகி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவருக்கும் நீல ஒளி உமிழும் டையோடைக் கண்டமைக்காக 2014-ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. ப்ளூ ரே கருவியினுள் இருக்கும் லேசர், அந்த டையோடுக்கு உடன்பிறப்பு.

இரண்டு புதிய தட்டுகள் என்றேனல்லவா? ஒன்றின் கருவியில் மற்றதன் தட்டு ஓடாது. இரண்டு ஆண்டுகள் நிறுவனங்கள் இரு அணியாக நின்று போட்டியிட்டன. 2008 ஜனவரியில் வார்னர் நிறுவனம் ப்ளூ ரேயின் பக்கம் சாய்ந்தது. பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டு எச்.டி. டி.வி.டி.யைக் கைவிட்டது. அதற்குள் ஆர்வத்தால் முந்திக்கொண்டு அக்கருவியை வாங்கியவர்களின் நிலை, எங்கள் பூஞ்சண நாடாக்களின் நிலையே. வென்ற ப்ளூ ரேயிடம் நல்ல குணம் ஒன்று உண்டு. அதன் கருவிகள் பழைய டி.வி.டி.யையும் ஓட்டும், சேர்த்துவைத்ததைத் தூர எறிய வேண்டியதில்லை.

2012-இல் நான் தலைமையாசிரியனாக இருந்தபொழுது, எங்கள் விஞ்ஞான ஆசிரியர், "ஐயா, இனி ப்ளூ ரே வாங்கிவிடலாம், படம் ஐந்து மடங்கு தெளிவு" என்று விண்ணப்பத்துடன் வந்தார். அவர் சொன்னது பொய்யன்று. டி.வி.டி.யின் படத்தில் 720-க்கு 576 என 4,14,720 புள்ளிகள். ப்ளூ ரேயில் 1,920-க்கு 1,080 என 20,73,600 புள்ளிகள். சரியாக ஐந்து மடங்கு. எனினும், புள்ளிகள் தட்டில் இருந்தால் போதுமா? கண்ணில் வந்து சேர வேண்டாமா?

ஆகவே அளவுநாடா ஒன்றை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் வகுப்பறைக்குச் சென்றோம். குறையில்லாத கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் அமைந்த நுட்பத்தைப் பிரித்தறியும் என்பர். எளிதாகச் சொன்னால், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தொலைவு வரை தெரியும்; அதற்கப்பால் ஒன்றாகிவிடும். எங்களிடம் இருந்தது 32 அங்குலத் தொலைக்காட்சி. அதன் படத்தின் உயரம் 40 சென்டிமீட்டர். அதனை 576 கோடுகளாகப் பகுத்தால் ஒரு கோடு 0.7 மில்லிமீட்டர், ஆகவே 2.4 மீட்டருக்கு அப்பால் அக்கோடுகளையே கண் பிரித்தறியாது. அவ்வாறிருக்க, அவற்றினும் நுண்ணிய 1,080 கோடுகளால் என்ன பயன்? எங்கள் முதல் பெஞ்சே இரண்டரை மீட்டரில் இருந்தது. கடைசிப் பெஞ்சு ஏழு மீட்டரில். வண்ணத்திலும், வேகமாக அசையும் காட்சிகளிலும் சிறிது நயம் கூடியிருக்கலாம். அந்த ஐந்து மடங்கு மட்டும் எவர் கண்ணையும் எட்டியிராது. விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பணத்தில் நூலகத்துக்கு அகராதிகள் வாங்கினோம்.

உங்கள் வீட்டிலும் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். படத்தின் உயரத்தைப்போல் ஆறு மடங்கு தொலைவுக்கு உள்ளே அமர்ந்தால்தான் டி.வி.டி.யினும் ப்ளூ ரே மேலானதாகத் தோன்றத் தொடங்கும். அதன் முழு நயமும் வேண்டுமாயின் மூன்று மடங்குத் தொலைவுக்கு வர வேண்டும். 55 அங்குலப் பெட்டியாயின் இவை முறையே நான்கு மீட்டரும் இரண்டு மீட்டருக்குச் சற்று மேலும் ஆகும். 2016-இல் வெளிவந்த, 2,160 கோடுகள் கொண்ட தட்டுக்கோ, அதே பெட்டியின் எதிரே ஒரு மீட்டர் தொலைவில் அமர வேண்டும்! வண்ணங்களின் செழுமைக்காக அதனை விரும்புவோர் விரும்பலாம். கோடுகளுக்காக விரும்புவோர் நாற்காலியை நகர்த்தட்டும்.

தட்டு புதியதாயினும் படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். வீடியோ நாடாவில் மட்டுமே இருக்கும் நிகழ்ச்சியை எத்தட்டில் ஏற்றினாலும் இல்லாத நுட்பம் வந்துவிடாது. மாறாக, 35 மில்லிமீட்டர்ப் படச்சுருளில் டி.வி.டி. காட்டுவதினும் மிகுதியான நுட்பம் உறங்குகின்றது. 'ஸ்டார் டிரெக்' வரிசையில் 1987-இல் தொடங்கிய அமெரிக்கத் தொடர், படச்சுருளில் எடுக்கப்பட்டு வீடியோவில் தொகுக்கப்பட்டது. அதனை 2012 முதல் ப்ளூ ரேயில் வெளியிட முற்பட்டபொழுது, மூலச் சுருள்களைத் தேடியெடுத்து ஒவ்வொரு காட்சியையும் மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. இத்தகைய உழைப்பின்றி, பழைய பிரதியையே பெருக்கிப் புதிய உறையில் இட்டு விற்பவரும் உண்டு. படச்சுருளின் இயல்பான மணித்தன்மையைக் குறை எனக் கருதித் துடைத்துவிட்டு, நடிகரின் முகத்தை மெழுகுப் பொம்மையாக்கியவர்களும் உண்டு. அத்தட்டுகளுக்குப் பழைய டி.வி.டி.யே மேல்.

அப்படியாயின், இணையத்தில் படம் பார்க்கும் இக்காலத்தில் தட்டே எதற்கு என்று நீங்கள் கேட்பது என் செவியில் விழுகின்றது. ப்ளூ ரே, நொடிக்கு நான்கு கோடி பிட்டுகள் வரை படத்துக்கு அளிக்க வல்லது. இணைய வழியில் வரும் படம் பெரும்பாலும் இதனினும் இறுகச் சுருக்கப்பட்டது. இருட்டுக் காட்சிகளிலும் புகைமூட்டத்திலும் அவ்வேறுபாடு புலப்படும். அதனினும் பெரிது மற்றொன்று. இணையத்தில் இன்று உள்ள படம், உரிமை முடிந்தபின் நாளை இராது. தட்டு நம் பீரோவில் இருக்கும். ஆனால் பீரோவை நம்பிய என் கதையைத்தான் கேட்டீர்களே! 2019-இல் சாம்சங் நிறுவனம் அமெரிக்காவில் புதிய ப்ளூ ரே கருவிகளை வெளியிடுவதை நிறுத்தியது. 2025 பிப்ரவரியில் சோனி, வீட்டில் பதிவுசெய்யும் வெற்றுத் தட்டுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டது. படங்களைத் தாங்கிய தட்டுகள் இன்றும் வெளிவருகின்றன. ஆயினும், எல்லாவற்றையும் தட்டில் வாங்கிச் சேர்ப்பது எனக்கு உடன்பாடன்று. திரும்பத் திரும்பக் காணத்தக்க, மூலச் சுருளிலிருந்து கருத்தாக எடுக்கப்பட்ட படங்கள் சிலவற்றை மட்டும் வாங்குக என்பதே என் துணிபு.

இனி என் ஐயத்துக்கு வருகிறேன். 2014-இல் பழைய மாணவர்கள் எங்கள் பள்ளிக் கூடத்துக்கு ஒரு புரொஜெக்டரும், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள திரையும் வழங்கினர். ஆறு மடங்கு என்றால் ஒன்பது மீட்டர். கூடத்தின் பெரும்பகுதி அதனுள் அடங்கும். 2012-இல் போட்ட கணக்கை அன்று நான் மீண்டும் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒருமுறை தீர்ந்த கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். அத்திரையிலும் டி.வி.டி.களையே ஓட்டி, 2016-இல் ஓய்வும் பெற்றேன்.

ஈராண்டு கழித்து, அமெரிக்காவில் பணிபுரியும் பழைய மாணவன் ஒருவன் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' தட்டைக் கொணர்ந்தான். 1955-இல் வெளிவந்த அப்படத்தின் மூலச்சுருள், 1993-இல் லண்டன் நகரத்துப் பரிசோதனைச்சாலை ஒன்றில் நேர்ந்த தீயில் கருகியது. எரிந்து உலர்ந்த சுருள்களையும் எறியாது காத்து, இத்தாலியின் பொலோனியா நகரில் அவற்றுக்கு ஈரமூட்டி, ஒட்டுப்போட்டு, மீட்கலாகாத பகுதிகளை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015-இல் ப்ளூ ரேயாக வெளியிட்டனர். தட்டுகளுக்கு நாடுவாரியாக மண்டலப் பூட்டு உண்டு. அமெரிக்க மண்டலத் தட்டு நம் மண்டலக் கருவியில் ஓடாது. அதனை அறிந்த அவன், கருவியையும் மின்மாற்றியையும் உடன் சுமந்து வந்திருந்தான்.

முதலில் பள்ளியிலிருந்த டி.வி.டி.யை ஓட்டினோம், அக்காளும் தம்பியும் ரயிலைக் காண ஓடும் காட்சி. நாணற்பூக்கள் வெள்ளைத் திட்டாக அசைந்தன. பிறகு புதிய தட்டு. ஏழு மீட்டர் தொலைவில் அமர்ந்திருந்தேன். ஒவ்வொரு நாணற்கதிரும் தனித்தனியே காற்றில் சாய்ந்து எழுவது தெரிந்தது. இடையே இரண்டு ஆண்டுகள் என் பிள்ளைகளுக்குத் திட்டையே காட்டிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேன். பதினோரு மீட்டருக்கு அப்பால் கடைசி வரிசையில் இருந்த சிறுவர் சிலர், "ரெண்டும் ஒண்ணாத்தான் சார் இருக்கு" என்றனர். அவர்கள் கூறியதும் மெய்யே. படத்தை நிறுத்தச் சொல்லி, அவர்களை முன்னே வந்து தரையில் அமருமாறு பணித்து, காட்சியை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டச் செய்தேன்.