பூங்கொத்தோடு வீட்டுக்குள் வரும் நஞ்சு

கோவையில் வரவேற்பு, பிறந்தநாள் என்றால் கைக்குக் கை மாறும் பூங்கொத்துகளில் லில்லியம் பூவுக்குத் தனி மவுசு. நீலகிரிப் பசுமைக்குடில்களிலேயே விளைவதால் தட்டுப்பாடும் இல்லை. வீட்டில் பூனை இருந்தால் அந்தப் பூவை வாசலோடு நிறுத்திவிடுங்கள். இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தைக் கெடுப்பவை. கடித்துத் தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. முதுகில் உதிர்ந்த ஆரஞ்சுத் தூளைப் பூனை நக்கித் துடைத்தாலே போதும். நாய்க்கு இதனால் வயிற்றுக் கோளாறோடு போய்விடும். பூனைக்குத்தான் உயிராபத்து.

கொடுமை என்னவென்றால், இந்த நஞ்சு ஏமாற்றும். தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, எச்சில் ஒழுகல், சோர்வு. பிறகு வாந்தி நின்றுவிடும். "தேறிடுச்சு" என்று வீட்டார் நிம்மதியாகிற அந்த நேரத்தில்தான் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் நிலைமை கைமீறிப்போகும். 18 மணி நேரத்துக்குள் ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றத் தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது; மகரந்தம் மூக்கில் ஒட்டியிருந்தால் அதுவே கிளம்பப் போதுமான காரணம்.

மூலனூர், தாராபுரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், வேறு வகை. அதிலுள்ள கோல்சிசின் குடல், எலும்பு மஜ்ஜை என ஒவ்வொன்றாகத் தாக்கும். அழகுக்காக அதன் கிழங்கைத் தொட்டியில் நடுவோர் யோசிக்க வேண்டும். அரளியும் மாடித் தோட்டத்து அடீனியமும் இதயத் துடிப்பைக் குலைக்கும். சைக்கஸ் ஈரலை அழிக்கும். அதன் விதை மிகக் கொடியது. மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, பீஸ் லில்லி ஆகியவை வாயை எரித்து வீங்கவைக்கும், பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை.

பூனை கடித்துவிட்டது என்று தெரிந்தால் உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். அது இன்னொரு ஆபத்து. வலிக்கென்று பாரசிட்டமாலும் கொடுக்காதீர்கள்; அதுவும் பூனைக்கு நஞ்சு. ரோமத்தில் தூள் இருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, செடியின் ஒரு கிளையையோ அதன் படத்தையோ எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். எந்தச் செடி என்று தெரிந்தால் சிகிச்சை உடனே தொடங்கும். நாமக்கல், உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலும் சிகிச்சை உண்டு.

செடியின் பெயரையும் அதன் நச்சுத்தன்மையையும் நர்சரியில் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வாங்கும் பொருளைப் பற்றி அறியும் உரிமையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. விற்பவர்கள் கேட்காமலே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. யாராவது வேண்டுமென்றே நஞ்சு வைத்தால் அது வேறு கதை: பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை. உடல் கூறாய்வு அறிக்கையோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

பச்சையைக் கடிப்பது பூனையின் இயல்பு. அதட்டி நிறுத்த முடியாது. அதற்கென்றே ஒரு தட்டில் கோதுமைப் புல் முளைக்க விடுங்கள். பால்கனிக்கு அரிக்கா பனை, ஸ்பைடர் பிளான்ட், ரோஜா, மல்லிகை போதும்.