குருதியும் கண்ணும்

திருச்சிராப்பள்ளிப் புத்தூரில் மகாத்மா காந்தியின் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை இருக்கிறது. அவ்வூர் வழியே சோழர் காலத்து உய்யக்கொண்டான் கால்வாய் ஓடுகின்றது. பயிர் செழிக்க நீரைக் கொணரும் வாய்க்காலும் வேண்டும்; மிகுநீரைப் போக்கும் வடிகாலும் வேண்டும். இஃது உழவர் அறிந்த உண்மை. நம் கண்ணுக்கும் இவ்விரண்டும் இன்றியமையாதன.

கண்ணுக்கு வாய்க்காலாவது குருதிக் குழாய். குருதியிலுள்ள ஈமோகுளோபின் என்னும் பொருள் பிராண வாயுவை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இரும்புச் சத்துக் குறைந்தால் அப்பொருளும் குறையும், முகம் வெளிறும், சிறிது நடந்தாலும் மூச்சு வாங்கும். இதுவே இரத்தச்சோகை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்தச்சோகை உடையவர்கள்.

இனி வடிகாலைக் காண்போம். கண்ணின் முற்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது சுரந்து, நுண்ணிய வழியாக வடிந்துகொண்டிருக்கும். அவ்வழி அடைபட்டால் கண்ணுள் அழுத்தம் மிகும்; பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும். இந்நோயைக் கிளாக்கோமா என்பர். பெரும்பாலும் வலி தோன்றாது. முதலில் பக்கப் பார்வையே குறையும். இழந்த பார்வை மீளாது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5,150 பேரை ஆராய்ந்து, 2003இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு 2.6 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் நோயை அறியாதிருந்தனர்!

இவ்விரு நோய்கட்கும் தொடர்பு உண்டா? அழுத்தம் மிகாத சிலர்க்கும் கிளாக்கோமா வருகிறது. ஆதலால், பிராண வாயுக் குறைவும் நரம்பை நலிவிக்குமோ என அறிஞர் ஐயுற்றனர். ஐயம் பொருத்தமானதே. ஆனால், 2012இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, இரும்பு மருந்தை மிகுதியாக உட்கொண்டோரிடம் கிளாக்கோமா கூடுதலாக இருக்கக் கண்டது. 2014இல் வெளிவந்த கொரிய ஆய்வும், உடலில் இரும்புச் சேமிப்பு மிகுந்தோரிடம் அவ்வாறே கண்டது. மிகையான இரும்பு நரம்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பது அறிஞர் கருத்து. எனினும், இரண்டு ஒருங்கே காணப்படுவதனால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம் அன்றோ?

ஆகவே, "இரும்பு மாத்திரை உண்டேன், என் கண்ணுக்குக் குறையில்லை" என்று எவரேனும் வாளா இருந்துவிடின் பார்வையை இழக்க நேரிடும். கிளாக்கோமாவுக்கு அஞ்சி இரும்பு மாத்திரையைக் கைவிடுவதும் பேதைமையே. பள்ளியில் வாரந்தோறும் தரும் மாத்திரை அளவறிந்து தரப்படுவது. அதனைத் தவறாது உட்கொள்ளுங்கள். கம்பும் கீரையும் நெல்லிக்கனியும் உணவில் இடம்பெறட்டும். வீட்டில் நாற்பது வயது கடந்தோரைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உறவினர்க்கு இந்நோய் இருப்பின் காலம் தாழ்த்தாதீர்கள்.

வாய்க்காலைத் தூர் வாரினால் வடிகாலின் அடைப்பு நீங்கிவிடாது. நல்ல உழவன் இரண்டையும் தனித்தனியே சென்று பார்ப்பான். நாமும் அவ்வாறே குருதியையும் கண்ணையும் காத்தல் வேண்டும்.