சுவரில் ஏறிய பெயர்

2015 மே 28 அன்று ரியோ டி ஜெனிரோவின் பார்ரா தா திஜுகா பகுதியில் ஒரு கட்டடத்தின் முகப்பிலிருந்து எழுத்துகளைக் கழற்றினார்கள். பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகம் அது. கழற்றப்பட்ட பெயர் ஜோஸே மரியா மாரின், முன்னாள் தலைவர். முந்தின நாள்தான் அமெரிக்க அரசு தொடுத்த லஞ்ச வழக்கில் ஸூரிச்சில் கைதாகியிருந்தார். ஒரே நாளில் பெயர் போயிற்று. இந்த வேகத்தை நாம் சந்தேகிக்க வேண்டும்.

மாரின் ராணுவ ஆட்சிக்கு (1964-85) ஆதரவான அரேனா கட்சிக்காரர். 1975 அக்டோபர் 9 அன்று சாவோ பாவ்லோ சட்டமன்றத்தில் எழுந்து, டிவி குல்துரா என்கிற அரசுத் தொலைக்காட்சி மீது நடவடிக்கை வேண்டும் என்றார். பதினாறு நாள் கழித்து அதன் செய்திப் பிரிவுத் தலைவர் விளாதிமிர் ஹெர்சோக் ராணுவ விசாரணைக் கூடத்தில் சித்திரவதையில் செத்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது ராணுவம். அந்தப் பொய்யை இறப்புச் சான்றிதழிலிருந்து நீக்க 2013 வரை ஆயிற்று. தன் பேச்சுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை என்பது மாரினின் வாதம். அதே 2013இல் ஹெர்சோகின் மகன் ஈவோ கையெழுத்துகள் திரட்டி, இவரை நீக்குங்கள் என்று கூட்டமைப்புக்கே மனுக் கொடுத்தார். நடந்தது என்ன? மறு வருஷம், உலகக் கோப்பை ஆண்டில், புதுத் தலைமையகத்தைத் திறந்து, நாற்காலியில் இருந்தவரின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

ஆக, சர்வாதிகாரத்தின் நினைவு அந்தச் சுவரை உறுத்தவில்லை. டாலர் வழக்கு உறுத்தியது.

கட்டடம் நிற்கிற சாலையின் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்: லூயிஸ் கார்லோஸ் பிரெஸ்டெஸ் சாலை. பிரேசில் கம்யூனிஸ்ட் கட்சியின் நெடுநாள் பொதுச்செயலாளர். ராணுவ ஆட்சியால் மாஸ்கோவில் போய் இருக்க நேர்ந்தவர். மாரின் பெயர் தாங்கிய கட்டடத்துக்கு வந்த கடிதங்களெல்லாம் இவர் பெயரைச் சொல்லித்தான் வந்து சேர்ந்தன.

நகர மையத்திலிருந்த பழைய தலைமையகத்திலும் ஒரு கூத்து நடந்தது. மூன்று முறை வென்றதற்காகப் பிரேசிலுக்கே சொந்தமாகிவிட்ட ஜூல்ஸ் ரிமே கோப்பை 1983 டிசம்பரில் அங்கிருந்துதான் திருடுபோனது. முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி. பின்பக்கம் வெறும் மரம், நெம்பித் திறந்துவிட்டார்கள். நகல் பெட்டகத்தில் பத்திரமாக இருந்ததாம்! அசல் இன்றுவரை கிடைக்கவில்லை.

மஞ்சள் சட்டை தேசத்தினுடையது என்கிறோம். கூட்டமைப்போ சட்டப்படி ஒரு தனியார் அமைப்பு. முகப்பில் யார் பெயரை ஏற்றுவது, இறக்குவது என்பதில் ரசிகனுக்கோ ஆட்டக்காரனுக்கோ ஓட்டுக் கிடையாது. பெயரைக் கழற்றியபோது தலைவராயிருந்த மார்க்கோ போலோ தெல் நேரோ மீதும் அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா குற்றம் சாட்டியது. மனுஷன் பதவியை ராஜினாமா செய்யவில்லை. அவர் காலத்திலேயே, 2017இல், தேர்தல் விதியைத் திருத்தினார்கள். 27 மாநிலச் சங்கங்களுக்குத் தலா 3 ஓட்டு. முதல் பிரிவின் 20 கிளப்புகளுக்குத் தலா 2. இரண்டாம் பிரிவின் 20க்குத் தலா 1. கூட்டிப் பாருங்கள். சங்கங்கள் 81, கிளப்புகள் 60. நாற்பது கிளப்பும் ஒன்றாய்ச் சேர்ந்தாலும் தோற்கும்.