தமக்குத் தாமே சம்பளம் விதிப்போர்

சம்பளம் உயர உயர வாழ்வும் உயரும் என்பது உலகோர் நம்பிக்கை. சம்பள உயர்வு வேண்டாம் என்று முதலாளியிடம் மன்றாடிய ஊழியரைக் காண்பது அரிது. ஆயினும் பிரித்தானியாவில் ஒரு சாரார், கைநிறையச் சம்பாதித்தும், தம் சம்பளத்தை மாதம் ஏறக்குறைய ஆயிரம் பவுணென்று தாமே விரும்பிக் குறைத்து வைத்துக்கொள்கின்றனர். இது துறவு மனப்பான்மையன்று. சட்டம் அனுமதிக்கும் ஒரு கணக்கு. இலண்டனிலே கணினித் துறையில் ஒப்பந்த வேலை செய்யும் நம்மவரிடையேயும் இவ்வழக்கம் உண்டு. ஆதலால் அவர்தம் குடும்பத்தாரும், நாளை அத்துறையிற் புகவிருக்கும் மாணவரும் இதன் உட்பொருளை அறிந்திருத்தல் நன்று.

ஒருவரே இருவர்

ஒப்பந்த வேலை செய்பவர் தம் பெயரில் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைப் பதிவு செய்கிறார். அதன் பணிப்பாளரும் அவரே, பங்குதாரரும் அவரே. எனினும் சட்டத்தின் கண்ணில் கம்பனி வேறு, அவர் வேறு. தோற்பொருள் வணிகரான சலமனின் வழக்கில் 1896 ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபை நிலைநாட்டிய தத்துவம் இதுவே. வேலை செய்வித்தவர் தரும் பணம் கம்பனிக்கே உரியது. அதிலிருந்து அவர் இரு வழிகளிற் பணம் பெறலாம். பணிப்பாளர் என்ற முறையிற் சம்பளம். பங்குதாரர் என்ற முறையிற் பங்கிலாபம்.

இரண்டு வழி, இரண்டு வரி

சம்பளம் கம்பனியின் செலவாகக் கருதப்படுவதால், அத்தொகைக்குக் கம்பனி வரி இல்லை. ஆனால் குறித்த அளவைத் தாண்டினால், ஊழியரும் முதலாளியும் தேசியக் காப்புறுதிப் பணம் கட்ட வேண்டும். இங்கே இருவரும் ஒருவரே ஆகையால், இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகும்.

பங்கிலாபத்துக்குக் காப்புறுதிப் பணம் இல்லை. ஆனால் அது கம்பனி வரி கட்டிய பின் எஞ்சும் இலாபத்திலிருந்தே வர வேண்டும். இலாபம் 50,000 பவுணுக்கு மேற்படாத கம்பனிக்கு அவ்வரி நூற்றுக்கு 19 வீதம். பின்னர் பெறுபவரும் பங்கிலாப வரி செலுத்த வேண்டும். 2025-26 வரியாண்டில் முதல் 500 பவுணுக்கு அவ்வரி இல்லை. அதற்கு மேல், அடிப்படை வரிப் படியில் உள்ளவருக்கு 8.75 வீதம். சம்பளத்துக்கோ அதே படியில் வருமான வரி 20 வீதமும் ஊழியரின் காப்புறுதி 8 வீதமும் ஆகும்.

மூன்று தொகைகள்

ஆகவே, சம்பளமாக எவ்வளவு பெறுவது, பங்கிலாபமாக எவ்வளவு பெறுவது என்பதே கேள்வி. 2025-26 வரியாண்டுக்குரிய மூன்று தொகைகளை நோக்குவோம்.

முதலாவது 5,000 பவுண். இதுவரை முதலாளியின் காப்புறுதிப் பணம் சிறிதும் இல்லை. இரண்டாவது 6,500 பவுண். இவ்வளவு சம்பளம் பெற்றால், ஊழியர் பங்காக ஒரு சதமும் கட்டாமலே அந்த ஆண்டு அரசாங்க ஓய்வூதியக் கணக்கிற் சேர்ந்துவிடும். இதற்காகக் கம்பனி கட்டுவது 225 பவுண் மட்டுமே. மூன்றாவது 12,570 பவுண். வருமான வரியின்றிப் பெறக்கூடிய உச்சத் தொகை இதுவே.

மூன்றாவதைத் தெரிந்தால், 5,000 பவுணுக்கு மேற்பட்ட 7,570 பவுணுக்குக் கம்பனி 15 வீதப்படி 1,135 பவுண் 50 சதம் காப்புறுதி கட்ட வேண்டும். இது நட்டமென்று தோன்றலாம். ஆனால் அந்த 7,570 பவுணும், கட்டிய காப்புறுதியும் கம்பனியின் செலவாகக் கழிவதால், 19 வீதப்படி 1,654 பவுண் கம்பனி வரி மீதமாகிறது. கொடுத்ததைக் கழித்தால் 518 பவுணளவில் இலாபமே. அந்த மிகுதியைப் பங்கிலாபமாகப் பெறும்போது ஒரு சிறு வரி போனாலும், கணக்கு 12,570 பவுண் பக்கமே சாய்கிறது. அதற்கு மேல் சம்பளம் எடுத்தால் வருமான வரியும் ஊழியர் காப்புறுதியும் ஒருங்கே தொடங்கிவிடும்.

முதலாளிகளுக்கு ஆண்டுக்கு 10,500 பவுண் வரை காப்புறுதிச் சலுகை ஒன்றும் உண்டு. ஆயினும் 5,000 பவுணுக்கு மேற் சம்பளம் பெறுபவர் பணிப்பாளர் ஒருவரே என்றால், அக்கம்பனிக்கு அச்சலுகை கிடையாது.

கணவனும் மனைவியும்

மனைவியையும் பங்குதாரராக்கினால் என்ன என்ற கேள்வி எழும். இதற்கு விடை தந்தது 2007 ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையில் முடிந்த ஜோன்ஸ் வழக்கு. கணவர் கணினி ஆலோசகர். மனைவி கம்பனியின் அலுவலக வேலைகளைக் கவனித்தவர். ஆளுக்கு ஒரு பங்கு. கணவர் குறைந்த சம்பளம் பெற்று, இருவரும் பங்கிலாபத்தைப் பகிர்ந்துகொண்டனர். மனைவியின் பங்கும் கணவரின் வருமானமே என்று வரித் திணைக்களம் வாதாடியது. தீர்ப்போ தம்பதிகளுக்குச் சாதகமாயிற்று. ஆயினும், மனைவிக்குச் சம்பளமும் கொடுப்பதாயின், அது அவர் உண்மையாகச் செய்த வேலைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

குறைந்த சம்பளத்தின் விலை

வரி மட்டுமே கணக்கன்று. புதிய முறையில் அரசாங்க ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 ஆண்டுக் காப்புறுதிப் பதிவு வேண்டும். முழுத்தொகை பெற 35 ஆண்டு வேண்டும். 225 பவுணைச் சேமிக்க எண்ணி 5,000 பவுணோடு நின்றவர், முதுமைக்குரிய ஓராண்டை இழக்க நேரிடலாம்.

மகப்பேற்றுக் காலத்தின் முதல் ஆறு வாரக் கொடுப்பனவு சராசரிச் சம்பளத்தின் 90 வீதமாகும். அதில் பங்கிலாபம் சேராது. ஆகவே பெண் பணிப்பாளர் ஒருவரின் சம்பளம் குறைந்தால், அக்கொடுப்பனவும் குறையும். தனியார் ஓய்வூதியத்துக்குத் தம் கையாற் கட்டும் பணத்துக்குக் கிடைக்கும் வரிச் சலுகையும் பங்கிலாபத்தை வைத்துக் கணிக்கப்படுவதில்லை. இக்குறையை நீக்க, கம்பனியே நேராக அப்பணத்தைக் கட்டுவது வழக்கம்.

கம்பனியின் பெட்டியிலுள்ள பணம் நம் சட்டைப்பைப் பணம் என்று மயங்குவது பெரிய அபாயம். இலாபம் இல்லாமற் பங்கிலாபம் எடுக்கச் சட்டம் இடந்தராது. கணக்கின்றி எடுத்தால் அது பணிப்பாளர் பட்ட கடனாகும். கணக்காண்டு முடிந்து ஒன்பது மாதத்துள் திருப்பிக் கட்டாவிடின், கம்பனிக்குத் தனி வரி விழும்.

மாறும் சட்டம்

இவ்வெண்கள் நிலையானவையல்ல. 2016 ஆம் ஆண்டில் 5,000 பவுணாயிருந்த பங்கிலாபச் சலுகை, 2024 ஆம் ஆண்டில் 500 ஆகச் சுருங்கியது. 2025 ஏப்ரலில் முதலாளியின் காப்புறுதி 13.8 வீதத்திலிருந்து 15 வீதமாக ஏறியது. அது தொடங்கும் எல்லையும் 9,100 பவுணிலிருந்து 5,000 பவுணுக்கு இறங்கியது. அதே ஆண்டு நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், பங்கிலாப வரியின் அடிப்படை வீதம் 2026 ஏப்ரல் முதல் 10.75 ஆகும் என அறிவிக்கப்பட்டது.

இன்னொன்றும் உண்டு. பெயரளவில் ஒப்பந்தகாரராகவும் செயலளவில் ஊழியராகவும் இருப்போரைத் தடுக்க, 2000 ஆம் ஆண்டில் 'ஐஆர் 35' என வழங்கும் விதி வந்தது. அவ்விதிக்குள் ஒப்பந்தம் அகப்பட்டால், அதன் வருமானத்துக்கு ஊழியரைப் போலவே வரி கட்ட வேண்டும். மேலே கூறிய கணக்கு பயன்படாது. 2021 ஏப்ரல் முதல், தனியார் துறையிலும் நடுத்தர, பெரிய நிறுவனங்களுக்கு வேலை செய்வோர் நிலையை அந்நிறுவனங்களே தீர்மானிக்கின்றன.

ஆதலால், கடல் கடந்து தொழில் புரியும் மகனோ மகளோ, "என் சம்பளம் மாதம் ஆயிரம் பவுண்தான்" என்று கூறினால் பெற்றோர் திகைக்க வேண்டியதில்லை. அதைவிட, "இந்த ஆண்டு ஓய்வூதியக் கணக்கிற் சேர்ந்ததா? வரிக்கென்று பணம் தனியே ஒதுக்கினாயா?" என்று கேட்பதே அறிவுடைமை. வரியை நியாய வழியிற் குறைப்பது சிக்கனம். நாளைய பாதுகாப்பையும் சேர்த்துக் குறைப்பது சிக்கனமாகாது.